உப்பைக் கண்டால் அணையும் நீல ஒளி

உடைந்துபோன கண்ணாடிக் கிண்ணம் ஒன்றின் விளிம்பை ஒட்டுவதற்காகத்தான் புற ஊதா டார்ச்சை வாங்கினேன். புற ஊதா ஒளி பட்டால் மட்டுமே இறுகும் பசை அது. சமையலறை விளக்கை அணைத்துவிட்டு ஒட்டிய இடத்தில் டார்ச்சைப் பிடித்தபோது, கிண்ணத்தைக் காட்டிலும் அதன் அடியில் விரித்திருந்த பழைய வெள்ளைத் துணிதான் கண்ணைப் பறித்தது. துணி தானே ஒரு விளக்கைப் போல நீலமாக ஒளிர்ந்தது. பசையை அப்படியே விட்டுவிட்டு, நள்ளிரவு வரை ஒவ்வோர் அலமாரியாகத் திறந்து டார்ச் அடித்துக்கொண்டிருந்தேன்.

அன்றிரவு நான் எழுதிவைத்த பட்டியலில் பாதி தவறு என்பது பிறகு தெரிந்தது. மலிவான டார்ச்சுகள் பெரும்பாலும் 395 நானோமீட்டர் அலைநீளத்தைச் சுற்றியே ஒளி தருகின்றன. அதில் ஒரு பகுதி நம் கண்ணுக்குத் தெரியும் ஊதா நிறமே. ஆகவே நான் 'ஒளிர்கிறது' என்று குறித்துவைத்த கரண்டியும் சுவரும், டார்ச்சின் ஊதாவைத் திருப்பி எறிந்தனவே தவிர, தாமாக எதையும் வெளியிடவில்லை. பின்னர் 365 நானோமீட்டர் டார்ச் ஒன்றை, முகப்பில் கறுப்பு வடிகட்டிக் கண்ணாடி பொருத்தியதாகப் பார்த்து வாங்கினேன். புற ஊதாவை விட்டுவிட்டு, கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுக்கும் இவ்வகைக் கண்ணாடியை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கியவர் ராபர்ட் வுட் என்ற அமெரிக்க இயற்பியலாளர். தோல் மருத்துவர்கள் பயன்படுத்தும் 'வுட்ஸ் விளக்கு' அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. இந்த டார்ச்சை ஏற்றினால் எரிகிறதா இல்லையா என்றே சந்தேகம் வரும். அதனாலேயே இது ஆபத்தானதும்கூட: கண்ணுக்கு மங்கலாகத் தெரிவதால் நாம் விழியைச் சுருக்குவதில்லை, ஆனால் புற ஊதா முழு வலிமையோடு உள்ளே போகிறது. புற ஊதாவைத் தடுக்கும் பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் நான் இதைத் தொடுவதில்லை. கிருமி நீக்கத்துக்கான 254 நானோமீட்டர் விளக்குகளை இந்த விளையாட்டுக்கு எடுக்கவே கூடாது.

நடப்பது இதுதான். 365 நானோமீட்டர் ஒளித்துகள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 3.4 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் கொண்டது. அதை விழுங்கும் மூலக்கூறு, அதில் கொஞ்சத்தை அதிர்வாகவும் வெப்பமாகவும் இழந்துவிட்டு, மிஞ்சியதை ஆற்றல் குறைந்த ஒளியாக, அதாவது நமக்குத் தெரியும் நீலமாகவோ பச்சையாகவோ சிவப்பாகவோ வெளியிடுகிறது. இதெல்லாம் சில நானோ விநாடிகளுக்குள் முடிந்துவிடுவதால் டார்ச்சை அணைத்த கணமே ஒளியும் போய்விடும். அணைத்த பிறகும் நெடுநேரம் மின்னும் நட்சத்திர ஒட்டிகளில் நடப்பது நின்றொளிர்வு, அது வேறு கதை. உறிஞ்சிய ஒளியைவிட வெளிவரும் ஒளியின் அலைநீளம் கூடுதல் என்பதை 1852இல் விளக்கி, ஃபுளோரைட் என்ற கனிமத்தின் பெயரிலிருந்து இந்நிகழ்வுக்கு 'ஃபுளோரசென்ஸ்' என்ற ஆங்கிலப் பெயரும் சூட்டியவர் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் என்ற இயற்பியலாளர். தமிழில் இதை உடனொளிர்வு என்று சொல்வதுண்டு.

ஸ்டோக்ஸ் பயன்படுத்திய பொருள்களுள் முக்கியமானது, மலேரியா மருந்தான குயினைனின் கரைசல். வெயிலில் வைத்த அதன் மேற்பரப்பில் நீலம் படர்வதை 1845இலேயே ஜான் ஹெர்ஷல் என்ற ஆங்கில அறிவியலாளர் குறிப்பிட்டிருந்தார். கடையில் கிடைக்கும் டானிக் வாட்டர் என்ற வாயு கலந்த பானத்தின் கசப்புக்குக் காரணம் அதே குயினைன்தான் என்பதால், அந்தப் பழைய சோதனையைச் சமையலறை மேசையிலேயே செய்துவிட முடிகிறது. நிறமற்ற அந்தப் பானம் 365இன் கீழ் வான்நீலமாக எரிவதைப் பார்ப்பது இனிமைதான். ஆனால் என்னை உண்மையில் நிமிர்ந்து உட்கார வைத்தது அடுத்த படி. வாயு வெளியேறிவிட்ட டானிக் வாட்டரை இரண்டு குவளைகளில் ஊற்றி, ஒன்றில் ஒரு கரண்டி சமையல் உப்பையும் மற்றதில் ஒரு கரண்டி சர்க்கரையையும் போட்டுக் கலக்கினேன். (வாயு வெளியேறும்வரை பொறுக்காமல் முதல்முறை உப்பைக் கொட்டியதில் பாதிப் பானம் நுரைத்து மேசையில் வழிந்தது.) சர்க்கரைக் குவளை முன்போலவே நின்றது; உப்புக் குவளையில் ஒளி கண்ணெதிரே மங்கி, ஏறக்குறைய அணைந்தே போயிற்று. குயினைன் எங்கும் போய்விடவில்லை. ஆற்றல் பெற்ற குயினைன் மூலக்கூறு ஒளியை வெளியிடும் முன்பே குளோரைடு அயனி வந்து மோதி, அந்த ஆற்றலை ஒளியில்லாமல் கரைத்துவிடுகிறது. ஒரு பொருள் ஒளிரவில்லை என்பதால் அந்தப் பொருளே அங்கில்லை என்று முடிவு கட்டக் கூடாது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் சோதனை வேறொன்றை நான் பார்த்ததில்லை. சர்க்கரைக் குவளை மட்டும் இல்லாமலிருந்தால், எதைக் கலந்தாலும் ஒளி மங்கும் என்றுகூட நினைத்திருப்பேன்.

அதன் பிறகு பொருள்களைக் காட்டிலும் அவை இருக்கும் சூழலைக் கவனிக்கத் தொடங்கினேன். மஞ்சள்தூளைத் தண்ணீரில் கலக்கினால் மந்தமாகவே இருக்கிறது. ஆல்கஹாலில் கலக்கினால், அதிலுள்ள குர்குமின் என்ற நிறமி கரைந்து பளிச்சென்ற பசுமஞ்சளாக ஒளிர்கிறது. கீரை இலையை நேரடியாகப் பார்த்தால் கரும்பச்சையாகத்தான் கிடக்கும், ஏனெனில் உயிருள்ள இலையில் பச்சையம் உறிஞ்சும் ஒளியின் பெரும்பகுதி ஒளிச்சேர்க்கைக்கும் வெப்பத்துக்கும் போய், மிகச் சிறிய பங்கே ஒளியாகத் திரும்புகிறது. அதே இலையை நசுக்கி ஆல்கஹாலில் ஊறவைத்து வடித்தால், சாதாரண விளக்கில் பச்சையாக இருக்கும் சாறு டார்ச்சின் கீழ் இரத்தச் சிவப்பாகிறது, ஆற்றலைச் செலவழிக்கும் இயந்திரம் அங்கே கலைந்துபோய்விட்டதால். சுத்திகரிக்காத ஆலிவ் எண்ணெயில் தெரியும் செம்மையும் பச்சைய வகை நிறமிகளால் வருவதே. பழுப்பு முட்டை ஓட்டின் சிவப்பு ஒளிக்குக் காரணமான புரோட்டோபோர்ஃபிரின் என்ற நிறமி, பச்சையத்துக்கும் இரத்தத்துக்குச் சிவப்பு தரும் ஹீமுக்கும் நெருங்கிய உறவு. கீரையும் முட்டை ஓடும் ஒரே சிவப்பில் ஒளிர்வது தற்செயல் அல்ல என்று அறிந்த மாலையில் வேறு வேலை எதுவும் ஓடவில்லை.

பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் போட்டால் வரும் பசுமஞ்சள் ரைபோஃப்ளேவின் என்ற வைட்டமினுடையது. முட்டை வெள்ளைக்கருவிலும், பால் திரிந்தபின் தெளியும் நீரிலும் அதே சாயலைப் பார்க்கலாம். வெயிலில் வைத்தால் இந்த வைட்டமின் சிதைந்துவிடும்.

வாழைப்பழத்தைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். காய் நீலமாக ஒளிர்வதில்லை. பழுத்த தோல் ஒளிர்கிறது. பழுக்கும்போது பச்சையம் சிதைந்து உண்டாகும் இடைப்பொருள்கள் தோலில் சேர்வதே காரணம் என்று ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரக்கைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2008இல் கண்டறிந்து வெளியிட்டார்கள். மனிதர்கள் இத்தனை காலமாக உரித்துத் தின்ற ஒரு பழத்தில் இது 2008 வரை எவர் கண்ணிலும் சரிவரப் படவில்லை என்பதை இன்னும் நம்ப முடியவில்லை. கரும்புள்ளி விழுந்த பழத்தில் ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் ஒரு நீல வளையம் தெரியும்.

முதல் இரவில் என்னை மயக்கிய துணிக்கு வருகிறேன். சலவைத்தூளில் சேர்க்கப்படும் வெண்மையூட்டிகள் புற ஊதாவை உறிஞ்சி நீலத்தை வெளியிடுகின்றன. நாள்பட்ட துணியின் மஞ்சளை அந்த நீலம் ஈடுசெய்வதால் கண்ணுக்கு வெண்மை கூடித் தெரிகிறது. அழுக்கு போனதா என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. என் பழைய துணியில் எண்ணெய்க் கறை அப்படியே இருந்தும், சுற்றியிருந்த நூலெல்லாம் புதிதுபோல் ஜொலித்தது. இதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், ஆனால் 'பளிச்' என்ற சொல்லை இப்போது கொஞ்சம் சந்தேகத்தோடுதான் கேட்கிறேன். இந்த வெண்மையூட்டிகள் காகிதத் தொழிலில் பரவியது சுமார் 1950க்குப் பிறகு. ஆகவே, அதற்கு முற்பட்டது என்று சொல்லப்படும் ஆவணத்தின் தாள் நீலமாக எரிந்தால் ஆய்வாளர்கள் புருவம் உயர்த்துவார்கள். பணத்தாள் இதற்கு நேர்மாறு: தாள் இருண்டே இருக்க, அதில் பதித்த இழைகளும் மையும் மட்டும் மின்னும்.

கழிவறைக்கு இந்த டார்ச்சை எடுத்துச் செல்ல வேண்டாம். சிறுநீர்க் கறையும் ஒளிரும் என்பதை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன்.

கடைசியாக வேர்க்கடலை. 1960இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தபோது, தீவனத்திலிருந்த வேர்க்கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சையின் நச்சுதான் காரணம் என்று தெரியவந்தது. அஃப்ளாடாக்சின் என்ற அந்த நச்சின் வகைகளுக்கு பி, ஜி என்று பெயர் வந்ததே, புற ஊதாவின் கீழ் ஒன்று நீலமாகவும் (ப்ளூ) மற்றொன்று பச்சையாகவும் (கிரீன்) ஒளிர்வதால். இதைப் படித்த வேகத்தில் வீட்டிலிருந்த கடலை டப்பாவைத் திறந்து டார்ச் அடித்தேன். அங்குமிங்கும் நீலப் புள்ளிகள் தெரிய, நெஞ்சு ஒருமுறை திக்கென்றது. ஆனால் தீங்கில்லாத எத்தனையோ பொருள்கள் நீலமாக ஒளிர்கின்றன. நச்சு இருந்தும் ஒளி தெரியாமல் போகலாம். ஆய்வகத்தில் பிரித்தெடுத்து அளந்தால்தான் எதையும் உறுதியாகச் சொல்ல முடியும். உப்புக் குவளை நினைவுக்கு வந்தது. டார்ச்சை அணைத்து, சமையலறை விளக்கைப் போட்டு, சுருங்கியும் நிறம் மாறியும் இருந்த கடலைகளைப் பொறுக்கிப் பார்த்தேன். டப்பாவின் அடியில் பூஞ்சை வாடை அடித்தது. மொத்தத்தையும் குப்பையில் கொட்டினேன். அந்த முடிவை எடுத்தது மூக்குதான்.