அயோனாவின் வெள்ளிக் கொல்லர்

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால், ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நீளமே உள்ள சிறு தீவு அயோனா. அங்கே தம் மனைவி யூஃபீமியாவுடன் வெள்ளி வேலை செய்துவந்த அலெக்சாண்டர் ரிச்சி (1856–1941), கப்பல் பொறியாளராகக் கடலில் உழைத்த பிறகு கிளாஸ்கோ கலைப் பள்ளியில் பயின்றவர். தீவின் பழைய மடாலயத்துக்குக் காவலராகவும் இருந்தார்.

கடலோரத்துக் கலைஞர் என்றதும் அலையையும் சிப்பியையும் எதிர்பார்ப்போம். ரிச்சியோ, மடாலய வளாகத்தின் இடைக்காலக் கல்லறைப் பலகைகளில் செதுக்கப்பட்டிருந்த, ஒற்றைப் பாய்மரமும் இரு முனைகளும் உயர்ந்த உடலும் கொண்ட படகை எடுத்து, கொடிப் பின்னல்களோடு சேர்த்து, மார்பில் குத்தும் ஊசிப் பதக்கங்களில் அமைத்தார். அந்தக் கடற்பகுதியில் ஊர்களையும் குலங்களையும் இணைத்தவை அத்தகைய படகுகளே என்பதால், அலையை அப்படியே வரைவதைவிட இதுவே அக்கரையை நேர்மையாகக் காட்டுகிறது என்பது என் எண்ணம். (கப்பலில் வேலை பார்த்தவருக்குப் படகின் வடிவம் பிடிபட்டதில் வியப்பில்லை.)

ஸ்காட்லாந்து, அயர்லாந்துப் பகுதிகளின் பழைய கெல்டிக் மரபைச் சுட்டும் ‘அயோனா கெல்டிக் கலை’ (Iona Celtic Art) என்பதைக் குறிக்கும் ஐ.சி.ஏ. முத்திரை பொறித்த அவர்களுடைய நகைகளைச் சேகரிப்பாளர்கள் இன்றும் தேடி வாங்குகிறார்கள்.