திறந்து பார்த்த டப்பா

இன்றிரவு கடை மூடும் நேரத்தில், வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமே ஆன விற்பனைப் பெண்ணின் சாப்பாட்டு டப்பாவைக்கூடத் திறந்து பார்த்த காவலாளி, அவருக்குப் பின்னால் வந்த மூத்த மேலாளருக்கு எழுந்து நின்று வழிவிட்டார்.

காலி டப்பாவை மூடும்போது அந்தப் பெண்ணின் கை நடுங்கியது.

ஏசிஎஃப்இ என்னும் மோசடி ஆய்வாளர் சங்கத்தின் 2024 அறிக்கைப்படி, ஓராண்டுகூட நிறைவு செய்யாத ஊழியர்களின் மோசடிகளில் இடைநிலை இழப்பு, அதாவது இழப்புகளை வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் தொகை, 50,000 டாலர். பத்தாண்டுகளைக் கடந்தவர்களிடம் அது 2,50,000. சாதாரண ஊழியரிடம் 60,000 என்றால், உரிமையாளர், உயர் நிர்வாகி நிலையில் 5,00,000.

நீண்ட காலம் பணியாற்றுவது குற்றமல்ல. ஆனால் கையெழுத்திடும் அதிகாரமும், தணிக்கையின் ஓட்டைகளை அறிந்த அனுபவமும், யாரும் கேள்வி கேட்காத நம்பிக்கையும் ஒருவரிடமே சேரும்போதுதான் இழப்பு பெருகுகிறது.

கொள்முதல் பில்லுக்கு ஒப்புதல் தருபவரே பணத்தையும் விடுவிக்கும் எங்கள் வழக்கத்தை மாற்றக் கோரி, நிர்வாகத்துக்கு இப்போதுதான் கடிதம் எழுதி முடித்தேன்.