நடுவுல வைக்கிற தட்டு

மெல்போர்ன் வந்த புதுசுல எங்கள படுத்துனது குளிரும் இல்ல வாடகையும் இல்ல, சாயந்திரம் அஞ்சரை ஆனா கடைய சாத்திட்டு போயிடுறாங்களே, அதுதான். நான் மதுரைக்காரன். டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் நடுராத்திரி கொத்து புரோட்டா சத்தம் கேட்டு வளந்தவன். இங்க கிளேட்டன்ல வீடு எடுத்தோம், ராத்திரி எட்டு மணிக்கு தெருவுல நடந்தா என் செருப்பு சத்தம் எனக்கே கேக்கும். என் வொய்ஃப் கும்பகோணத்துக்காரி, சத்தம்னாலே ஆகாது அவளுக்கு, அவளே "என்னங்க, இந்த ஊர்ல ஆள் இருக்காங்களா இல்லையா"ன்னு கேட்டுட்டா.

ஆறு மாசம் இப்படியே ஓடுச்சு. அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை எங்க டீம் லீட், கிரேக்க வம்சம், ஆனா பொறந்து வளந்தது எல்லாம் இங்கதான், டீம் மொத்தத்தையும் ஓக்லீக்கு சாப்பிட கூட்டிட்டு போனார். கிளேட்டன்ல இருந்து ட்ரெயின்ல ரெண்டாவது ஸ்டேஷன். ஆறு மாசமா அந்த ஸ்டேஷனத் தாண்டித் தாண்டித்தான் வேலைக்கு போயிருக்கேன், ஒரு நாள் கூட இறங்கிப் பாக்கல. இறங்கி கொஞ்சம் நடந்தா ஈட்டன் மால்னு ஒரு எடம். மால்னதும் ஏசி பில்டிங்க நெனச்சுக்காதீங்க, வண்டி போகாத ஒரு தெரு, ரெண்டு பக்கமும் கடை, கடைக்கு வெளிய டேபிள், டேபிள் பூரா ஜனம். மணி ஒம்பதரை இருக்கும். கைக்குழந்தைங்க ஸ்ட்ரோலர்ல கொட்டக் கொட்ட முழிச்சிட்டு இருக்கு, நாலு தாத்தாங்க ஆளுக்கொரு காபிய வெச்சுகிட்டு சண்ட போடுற மாதிரி பேசிட்டு இருக்காங்க, ஒரு கூட்டம் லுக்குமாதேஸ் வாங்க லைன்ல நிக்குது (மைசூர் போண்டாவ தேன்ல முக்கி மேல பட்டப் பொடி தூவுன மாதிரி இருக்கும்). மாசி வீதிய தூக்கிட்டு வந்து இங்க போட்ட மாதிரி இருந்துச்சு எனக்கு, நெசமாவே கொஞ்ச நேரம் அங்கயே நின்னுட்டேன்.

இத்தன கிரேக்கர்கள் இங்க எப்படின்னு அன்னிக்கு ராத்திரிதான் தெரிஞ்சுகிட்டேன். ரெண்டாம் உலகப் போர் முடிஞ்சதும் அங்க உள்நாட்டுப் போர், 1949 வரைக்கும், அது முடிஞ்சப்போ ஊர்ல ஒன்னும் மிச்சமில்ல. 1952ல ஆஸ்திரேலியா கிரீஸ் அரசாங்கத்தோட ஒரு ஒப்பந்தம் போட்டு, ஃபேக்டரி வேலைக்கு ஆள் வரவழைக்க ஆரம்பிச்சிருக்காங்க. நம்ம லீடோட அப்பா ‘பாட்ரிஸ்’னு ஒரு கப்பல்ல பைரேயஸ் துறைமுகத்துல ஏறி வாரக்கணக்கா கடல்லயே கெடந்து வந்தவராம். பாட்ரிஸ்னா தாய்நாடுன்னு அர்த்தம், தாய்நாட்ட விட்டுப் போற கப்பலுக்கு அந்தப் பேர வெச்சிருக்காங்க பாருங்க. இப்ப கிரீஸுக்கு வெளிய கிரேக்கர்கள் அதிகமா இருக்கிற ஊர்கள்ல மெல்போர்னும் ஒன்னு, ஆஸ்திரேலியா முழுக்க 2021 சென்சஸ்ல கிரேக்க வம்சாவளின்னு எழுதிக் குடுத்தவங்க 4 லட்சத்துக்கும் மேல.

சரி சாப்பாட்டுக்கு வரேன்.

மெனுவ வாங்குனதும் நான் பழக்கதோஷத்துல "எனக்கு ஆக்டோபஸ்"ன்னுட்டேன், அதாவது எனக்கு ஒரு மட்டன் பிரியாணின்னு சொல்ற மாதிரி. பக்கத்துல இருந்த மலையாளிப் பையன் "எனக்கு டால்மாதெஸ்"ன்னான். லீட் சிரிச்சுகிட்டே மெனுவ மூடி வெச்சுட்டு அவரே கிரேக்கத்துல கடகடன்னு சொல்லிட்டார். அப்புறம்தான் விளக்குனார், இது மெஸே, ஆளுக்கு ஒரு தட்டுங்கிற கணக்கு கிடையாது, சின்னச் சின்னத் தட்டா வரும், எல்லாம் டேபிள் நடுவுல இருக்கும், எல்லாரும் எல்லாத்துலயும் எடுக்கணும். மெஸேங்கிற வார்த்தை பாரசீகத்துல இருந்து துருக்கி வழியா அங்க போனதாம், ருசின்னு அர்த்தம், இந்திக்காரங்க சொல்ற மஜாவும் அதே வேர்தான்.

கேக்க நல்லாத்தான் இருக்கு. தட்டு வர ஆரம்பிச்சதும்தான் என் பிரச்சனை ஆரம்பிச்சுச்சு. முதல்ல இதுல வரிசையே கிடையாது. சாம்பார், ரசம், மோர்னு ஒரு ஒழுங்குல போற நாக்கு நமக்கு, அங்க எது வெந்துச்சோ அது வருது, பொரிச்ச சீஸ் முதல்ல வருது, சாலட் அதுக்கப்புறம் வருது, பீட்டா ரொட்டி எப்ப வேணா வருது. ரெண்டாவது, எச்சில். இதத்தான் எப்படி சொல்றதுன்னு தெரியல. எங்க வீட்டுல எங்கம்மா சோத்துக் கரண்டி தட்டுல பட்டாலே கரண்டிய கழுவச் சொல்ற ஆளு. இலைன்னா அது அவங்கவங்களோட எல்லை, பக்கத்து இலைக்கு கை போகாது. இங்க ஜாட்சிகி ஒரு கிண்ணம், அதாவது வெள்ளரிக்காயத் துருவி பூண்டு ஆலிவ் எண்ணெய் எல்லாம் போட்ட கெட்டித் தயிர்ப்பச்சடி, ஏழு பேரும் ரொட்டியப் பிச்சு அதுல முக்கி முக்கி சாப்பிடுறாங்க. அப்படியெல்லாம் யாரும் கடிச்சத திரும்ப முக்கல, ஒரு தடவ பிச்சா ஒரு தடவதான், அது நான் கவனிச்சுப் பாத்துட்டேன், இருந்தாலும் கை போகல. நான் ஸ்பூனால எடுத்து என் தட்டுல ஒரு ஓரமா வெச்சு தனியா தொட்டு சாப்பிட்டுட்டு இருந்தேன், யாரும் ஒன்னும் சொல்லல, ஆனா எனக்கே பந்தியில ஒதுங்கி உக்காந்த மாதிரி இருந்துச்சு.

ஆக்டோபஸ் வந்துச்சு. கரியடுப்புல சுட்டு எலுமிச்சை, ஆலிவ் எண்ணெய், ஓரெகானோ, அவ்ளோதான் மசாலா. உள்ள பஞ்சு மாதிரி, வெளிய லேசா கருகி. இருந்தது எட்டு துண்டு, ஏழு பேரு. கடைசித் துண்டு தட்டுல அப்படியே இருக்கு, யாரும் எடுக்கல. நான் கேக்கலாமா வேணாமான்னு யோசிச்சுட்டே இருக்கேன், நம்ம ஊர்ல கடைசிய நாமளா எடுத்தா "பாத்தியா அவன"ன்னு ஆயிடும்ல. அதுக்குள்ள வெயிட்டர் வந்து தட்ட எடுத்துட்டு போயிட்டார். வீடு வந்து சேர்ற வரைக்கும் அந்தத் துண்டேதான் கண்ணுல நின்னுச்சு.

உசோன்னு ஒரு சாராயம், கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கும், தண்ணி ஊத்துனா பால் மாதிரி ஆயிடும். அதுல இருக்கிற சோம்பு எண்ணெய் சாராயத்துல கரையும், தண்ணில கரையாது, அதான். வாசனை என்னமோ ஹோட்டல்ல பில்லோட வெக்கிற சோம்புதான். கிரேக்கர்கள் அத வெறும் வயித்துல குடிக்க மாட்டாங்களாம், பக்கத்துல கொறிக்க ஏதாவது தட்டு இருந்தே ஆகணும். மூணு மணி நேரத்துல ரெண்டு கிளாஸ் காலி பண்ணுனா அதிகம். நம்ம டாஸ்மாக் வாசல்ல பாக்குற வேகம் இங்க இல்ல.

அடுத்த வாரமே வொய்ஃப கூட்டிட்டு போனேன், நான் பெரிய எக்ஸ்பர்ட்டு மாதிரி. அவ சுத்த வெஜிடேரியன், முட்டை கூட கிடையாது. மெனுவுல டிப்ஸ்னு, அதாவது ரொட்டிக்குத் தொட்டுக்கிறது, மூணு சேந்து ஒரு செட்டு இருந்துச்சு, அத சொல்லிட்டேன். வெள்ளையா ஒன்னு, மஞ்சளா ஒன்னு, ரோஸ் கலர்ல ஒன்னு. மஞ்சள் பேரு ஃபாவா. பேரப் பாத்து அது வேற ஏதோ பெரிய கொட்டைன்னு நெனச்சேன், இல்ல, மஞ்சள் பட்டாணிப் பருப்ப வேகவெச்சு மசிச்சு மேல எண்ணெயும் வெங்காயமும் போட்டது, சாண்டோரினி தீவு இதுக்குப் பேர் போனதாம். "ஏங்க இது பருப்பு மசியல்ங்க, பெருங்காயம்தான் போடல, இதுக்கா இவ்ளோ காசு"ன்னா. ரோஸ் கலர நான் பீட்ரூட் பச்சடின்னுட்டேன். அவளும் நல்லா இருக்குன்னு ரெண்டு வாய் சாப்பிட்டா, லேசா உப்பா புளிப்பா இருக்குன்னா. எனக்கு என்னவோ உறுத்துச்சு, போன எடுத்துப் பேரத் தேடிப் பாத்தா தரமோசலாத்தா, மீன் சினை. உப்புல ஊறப்போட்ட மீன் முட்டைய ரொட்டியும் எண்ணெயும் போட்டு அடிச்சது, ரோஸ் கலர் கூட சாயம்தானாம், நல்ல கடையில வெள்ளையாத்தான் இருக்குமாம்.

அன்னிக்கு நாங்க ட்ரெயின்ல பேசிக்கல. தப்பு என்னுதுதான், கடைக்காரங்க மெனுவுல தெளிவாத்தான் போட்டிருந்தாங்க.

திங்கக்கிழமை லீட் கிட்ட இத சொன்னா அவர் விழுந்து விழுந்து சிரிச்சுட்டு, அப்புறம் ஒரு வார்த்தை சொல்லிக் குடுத்தார், "நிஸ்திசிமோ". விரதச் சாப்பாடு. அவங்க ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவங்க, ஈஸ்டருக்கு முன்னாடி சுத்தத் திங்கள்ல ஆரம்பிச்சு 48 நாள் விரதம். 48 நாள்! நம்ம கணக்குல சரியா ஒரு மண்டலம். கறி, பால், முட்டை எதுவும் கிடையாது, மீனும் அநேகமா கிடையாது, ஆனா ரத்தம் இல்லாத ஜீவன்னு சொல்லி ஆக்டோபஸ், கணவாய், எறா எல்லாம் சாப்பிடலாமாம், நம்மாளுங்க கூட இப்படி ஒரு ஓட்டைய யோசிக்கல. அதனால கிரேக்க சமையல்ல எண்ணெய்லயே வதக்கி வேகவெச்ச காய்கறி ஐட்டம் ஒரு பெரிய லிஸ்ட்டே இருக்கு. தக்காளியில ஊறுன பெரிய பெரிய வெள்ளை பீன்ஸ், பேரே கீகாந்தெஸ், அதாவது ராட்சசங்க. திராட்சை இலையில சோறு மடிச்ச டால்மாதெஸ், கறி வெக்காம செய்யிறதுக்கு யலான்ஜின்னு பேரு, துருக்கியில பொய்க்காரன்னு அர்த்தம், கறி இருக்கிற மாதிரி ஏமாத்துதாம். என் வொய்ஃப் இப்ப எந்த கிரேக்கக் கடைக்குப் போனாலும் "நிஸ்திசிமோ, பட் நோ ஆக்டோபஸ், நோ ப்ரான்"னு சொல்லிட்டுத்தான் உக்காருவா. வெறும் நிஸ்திசிமோன்னு மட்டும் சொன்னா எறா வந்துரும்.

என் மாமனார் ரிட்டயர்டான தமிழ் வாத்தியார். வாட்ஸ்ஆப்ல போட்டோ பாத்துட்டு, யவனர்னு சங்க காலத்துல சொன்னது இவங்களத்தான் மாப்ள, உங்க மதுரைக் கோட்டை வாசல்ல காவலுக்கு நின்னவங்கன்னு ஒரு நீள மெசேஜ் அனுப்பிட்டார். இருக்கட்டும் மாமா, ஆக்டோபஸ் ஒரு தட்டு 29 டாலர்னு பதில் போட்டேன். அவர் அதுக்கு ஒன்னும் சொல்லல.

ஜனவரி மாசம் எங்கம்மா வந்தாங்க. இங்க அப்ப வெயில் காலம். மூணு வாரம் வீட்டுக்குள்ளயே இருந்து ஜன்னல் வழியா தெருவப் பாத்துப் பாத்து "ஏண்டா, ஒரு மனுசன் போகலயேடா"ன்னு புலம்புனாங்க, சரி வாங்கன்னு ஒரு சனிக்கிழமை ராத்திரி ஓக்லீக்கு கூட்டிட்டு போனேன். எனக்கு உள்ளுக்குள்ள பயம்தான், நடுவுல வைக்கிற தட்டப் பாத்து என்ன சொல்லுவாங்களோன்னு. வெளிய டேபிள் கெடைச்சுச்சு. கூட்டத்தப் பாத்ததுமே அம்மா முகம் மாறிடுச்சு, பக்கத்து டேபிள் பாட்டி யாரு, அந்தப் பொண்ணு மகளா மருமகளா, இந்தக் கொழந்தைய ஏன் இன்னும் தூங்க வெக்கலன்னு என்கிட்ட கேள்வியா கேக்குறாங்க, எனக்கெப்படி தெரியும்.

சகானாக்கி வந்துச்சு. அது பேரு சீஸோட பேரு இல்ல, சட்டியோட பேரு, ரெண்டு காது வெச்ச சின்னச் சட்டி, நம்ம சட்டிச்சோறு மாதிரி பாத்திரத்தோட பேரு சாப்பாட்டுக்கு ஒட்டிகிச்சு. சீஸ மாவுல புரட்டி எண்ணெய்ல பொரிச்சு எலுமிச்சை புழிஞ்சு சாப்பிடணும், சூட்டோட சாப்பிடணும், ஆறுனா ரப்பர். அம்மா பாத்தாங்க, என்ன எதுன்னு ஒன்னும் கேக்கல, ஒரு சுத்தமான ஸ்பூன எடுத்து அவங்களே எல்லார் தட்டுலயும் பங்கு வெச்சுட்டாங்க. ஜாட்சிகி, பீன்ஸு, எது வந்தாலும் முதல்ல அவங்க கைக்குப் போகும், நாலா பிரிஞ்சு நாலு தட்டுக்குப் போகும், மிச்சம் ஏதாவது இருந்தா என் பையன் தட்டுக்கு. நான் ஒன்றரை வருஷமா எச்சில், கூச்சம், கடைசித் துண்டு யாருக்குன்னு மண்டைய ஒடச்சுகிட்டு இருந்தத அம்மா பந்தி பரிமாறுற மாதிரி ரெண்டு நிமிஷத்துல முடிச்சுட்டாங்க.

அப்புறம் ஹோர்த்தா வந்துச்சு, வேகவெச்ச கீரை, எலுமிச்சையும் எண்ணெயும் மட்டும். அம்மா ஒரு தண்ட எடுத்து நசுக்கிப் பாத்து, வாயில போட்டு, "டேய் இது தண்டுக்கீரைடா"ன்னாங்க. நான் இல்லம்மா இது அவங்க ஊரு கீரைன்னேன். வெயிட்டர் பெரியவர்கிட்ட கேட்டா வ்லீத்தான்னார், வெயில் காலத்துல மட்டும் கெடைக்குமாம், போன்ல தேடிப் பாத்தா அம்மா சொன்னதுதான் சரி, தண்டுக்கீரை வகையேதான். "ஒரு காஞ்ச மொளகா, நாலு பல்லு பூண்டு தாளிச்சுக் கொட்டியிருந்தா எங்கயோ போயிருக்கும், இப்படி அவிச்சு வெச்சிருக்கான்"னாங்க, ஆனா தட்டு காலி. காலியான தட்டுல பச்சையா எண்ணெயும் எலுமிச்சையும் தேங்கி நின்னுச்சு. அம்மா ரொட்டியப் பிச்சு அத ஒத்தி ஒத்தி எடுத்தாங்க, நடுத்தட்டுலயே, நேரா. நான் பாத்துட்டே இருக்கேன், ஒன்னும் சொல்லல. கிரேக்கர்கள் இதுக்குன்னே பப்பாரான்னு ஒரு வார்த்தை வெச்சிருக்காங்க. அந்தப் பெரியவர் தூரத்துல இருந்து இதப் பாத்துட்டு, நாங்க கேக்காமலே இன்னொரு ரொட்டிக் கூடைய கொண்டாந்து அம்மா பக்கத்துல வெச்சுட்டுப் போனார்.

பில்ல நான்தான் குடுத்தேன், வெளிய வந்து ஸ்டேஷன் பக்கம் நடக்குறப்போ அம்மா கேட்டாங்க, ரொட்டிக்கு எவ்ளோ போட்டான்னு. பாத்தேன். ரெண்டு ரொட்டிக்குத்தான் போட்டிருந்தாங்க. நாங்க சாப்பிட்டது மூணு.

"அப்ப போய் சொல்லிட்டு வா."

"அம்மா, அவரா குடுத்ததும்மா அது, ட்ரெயின் இன்னும் நாலு நிமிஷத்துல."

"அடுத்த ட்ரெயின்ல போவோம். கணக்குல விட்டிருந்தா என்ன பண்ணுவ, போ."

திரும்பிப் போனேன். பெரியவர் டேபிள தொடச்சுகிட்டு இருந்தார், விஷயத்த சொன்னேன், கைய வீசுனார், அப்புறம் என்னத் தாண்டி எட்டி ஸ்டேஷன் முக்குல நின்ன அம்மாவப் பாத்தார். அம்மா அங்க இருந்தே குடுத்துட்டியான்னு கையக் காட்டிக் கேட்டாங்க.