டெலவேர் மேற்குக் கிளையில் நான்கு பயணங்கள்

கடந்த ஆண்டு ஏப்ரல் கடைசி வாரத்தில் தொடங்கி அக்டோபர் இறுதிக்குள் நான்கு முறை நியூயார்க் மாநிலத்தின் ஹான்காக் என்னும் சிற்றூருக்குச் சென்று, நான்கு முறையும் ஒரே வழிகாட்டியின் படகில் ஏறி, டெலவேர் ஆற்றில் டிரவுட் மீனுக்குத் தூண்டில் வீசினேன். நியூஜெர்சியில் எங்கள் வீட்டிலிருந்து அந்த ஊருக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரப் பயணம். டெலவேரின் கிழக்குக் கிளையும் மேற்குக் கிளையும் ஹான்காக்கில் ஒன்று சேர்ந்து பெரிய ஆறாகின்றன. பல ஆறுகளை ஒவ்வொரு முறை பார்ப்பதைவிட, ஒரே ஆற்றை அதன் பருவங்கள் மாற மாறப் பார்க்க வேண்டும் என்று எனக்கு நெடுநாளாக ஆசை இருந்தது. அதற்குத் தனியாகப் போவது போதாது என்பதும், அந்தத் தண்ணீரிலேயே ஆண்டு முழுவதும் புழங்கும் ஒருவர் உடன் இருக்க வேண்டும் என்பதும் முன்பு தனியாகப் போய்த் திரும்பிய அனுபவத்தில் தெரிந்திருந்தன.

முதல் நாள் படகைத் தண்ணீரில் இறக்கியதும் வழிகாட்டி தூண்டில் கோலைத் தொடவில்லை. கயிற்றில் கட்டியிருந்த சிறு வெப்பமானியை ஆற்றில் விட்டு, சற்றுப் பொறுத்து எடுத்துப் பார்த்து, "எட்டு டிகிரி. பிற்பகலில் பத்தைத் தொடும். அதுவரை அவசரப்பட ஒன்றுமில்லை" என்றார். அவர் ஃபாரன்ஹீட்டில் சொன்னதை நான் செல்சியஸில் எழுதுகிறேன். அந்த நான்கு பயணங்களிலும் ஒவ்வொரு முடிவையும் எடுத்தது அந்த வெப்பமானிதான் என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

இந்த வகைத் தூண்டிலைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சற்று விளக்க வேண்டும். நம் ஊர்க் குளத்தில் மண்புழுவைக் கோத்து வீசும்போது, ஈயக்குண்டும் இரையும் தரும் கனம் தூண்டில் நரம்பை இழுத்துக்கொண்டு போகிறது. இங்கே முள்ளில் இருப்பது சேவலின் கழுத்திறகையும் விலங்கின் மென்மயிரையும் நூலால் சுற்றிக் கட்டிய செயற்கை ஈ மட்டுமே. அதற்குக் கனமே கிடையாது. ஆகவே கனத்தை நரம்புக்கே கொடுத்துவிடுகிறார்கள். தடித்த அந்த நரம்பைத் தலைக்குப் பின்னால் முழுவதுமாக நீள விட்டு, பிறகு முன்னோக்கி வீசினால், அதன் நுனியில் உள்ள மெல்லிய இழையும் ஈயும் தண்ணீரின் மேல் மெதுவாக இறங்கும். இறங்கிய பிறகுதான் உண்மையான சிரமம் தொடங்குகிறது. படகுக்கும் மீனுக்கும் இடையே ஆற்றில் மூன்று நான்கு வேகங்களில் நீர் ஓடுகிறது. நரம்பின் நடுப்பகுதியை ஓர் ஓட்டம் முன்னே இழுத்தால், நுனியில் உள்ள ஈ நீரோடு போகாமல் குறுக்கே இழுபட்டுச் சிறு கோடு போடும். உயிருள்ள பூச்சி ஒருபோதும் அப்படி நகராது என்பதால் மீன் திரும்பிப் போய்விடும்.

வழிகாட்டி படகின் நடுவில் ஆற்றோட்டத்தைப் பார்த்து உட்கார்ந்து, ஓட்டத்துக்கு எதிராகத் துடுப்பு வலித்துப் படகின் வேகத்தைக் குறைத்துக்கொண்டே இருப்பார். நான் முன்புறம் நின்று வீசுவேன். தொலைவு, கோணம், எப்போது நரம்பைத் தூக்கி மேலோட்டத்தின் பக்கம் மடித்துப் போட வேண்டும் என்பவற்றை அவர் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே வருவார். அவர் என் கையைப் பார்க்கவே மாட்டார். எப்போதும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஏப்ரலில் அன்று பிற்பகல் இரண்டு மணியைத் தாண்டியதும் ஹெண்ட்ரிக்சன் என்னும் வகை மேஃப்ளைகள், அதாவது நீரில் வளர்ந்து சிறகு விரிக்கும் சிறு பூச்சிகள், எழத் தொடங்கின. மழைக்கு மறுநாள் புற்றிலிருந்து ஈசல் புறப்படுவதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சியை விளக்கத் தேவையில்லை. புற்றுக்குப் பதிலாக ஆற்றின் அடித்தளம் என்று மட்டும் எண்ணிக்கொள்ள வேண்டும். ஏறத்தாழ ஓராண்டைக் கூழாங்கற்களுக்கிடையே புழுப்பருவத்தில் கழித்த பூச்சி, நீர் பத்து டிகிரியை நெருங்கும் நாளில் மேலே வந்து, நீர்ப்பரப்பிலேயே தோலை உரித்துச் சிறகை விரிக்கிறது. சிறகு உலரும்வரை சிறு பாய்மரப் படகுபோல ஓட்டத்தோடு மிதந்து வருகிறது. பறந்து கரையோர மரத்தை அடைந்த பின் மறுபடியும் ஒருமுறை தோலுரிக்கிறது. சிறகு முளைத்த பிறகும் தோலுரிக்கும் பூச்சிகள் உலகில் மேஃப்ளைகள் மட்டுமே. வளர்ந்த பூச்சிக்கு உண்பதற்குரிய வாயமைப்பே இல்லை. இணைசேர்ந்து முட்டையிடுவது மட்டுமே அதற்கு எஞ்சியிருக்கும் வேலை.

அந்த ஈக்கு உரிய தூண்டில் ஈயை 1916இல் முதன்முதலில் கட்டியவர் ராய் ஸ்டீன்ராட்; அருகிலுள்ள லிபர்ட்டி ஊரின் அஞ்சல் அலுவலகத்தில் பணியாற்றியவர். நரியின் வயிற்றில் இருக்கும் வெளிறிய மயிரைத்தான் அவர் ஈயின் உடலுக்குச் சுற்றினார். அசல் பூச்சியின் நிறத்துக்கு நெருங்கியது அது. ஸ்டீன்ராட்டுக்கு இந்தக் கலையைக் கற்றுக்கொடுத்தவர் தியடோர் கார்டன். இங்கிலாந்தின் ஃப்ரெடரிக் ஹால்ஃபோர்டு 1890இல் தமக்கு அனுப்பிய மிதக்கும் ஈக்களை வைத்துக்கொண்டு, அமைதியான ஆங்கில ஆறுகளுக்காகக் கட்டப்பட்ட அவை இப்பகுதியின் கேட்ஸ்கில் மலையில் கொந்தளிக்கும் நீருக்கும் இங்குள்ள பூச்சிகளுக்கும் பொருந்தாது என்று கண்டு, தாமே புதிதாகக் கட்டத் தொடங்கியவர் அவர். 1915இல் இறந்துபோன அவர் தூண்டிலிட்ட நெவர்சிங்க் ஆற்றின் ஒரு பகுதி இன்று நீர்த்தேக்கத்துக்கு அடியில் கிடக்கிறது. இந்தச் செய்திகளையெல்லாம் வழிகாட்டி, பூச்சி எழுவதற்காகக் காத்திருந்த வேளையில், தம் ஊர்ப் பெரியவர்களைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார். அன்று நான் இரண்டு மீன் பிடித்தேன். இரண்டும் பழுப்பு டிரவுட். கைவலையைத் தண்ணீருக்குள்ளேயே வைத்து முள்ளைக் கழற்றி, மீன் தானாக நீந்திப் போகும்வரை ஓட்டத்தை நோக்கிப் பிடித்திருந்து விட்டுவிட்டோம்.

பழுப்பு டிரவுட் இந்த மண்ணின் மீன் அல்ல. 1883இல் ஜெர்மனியிலிருந்து முட்டைகளாகக் கப்பலில் வந்து, லாங் ஐலண்டின் கோல்டு ஸ்பிரிங் ஹார்பரில் பொரிக்கப்பட்ட மீன் அது. வானவில் டிரவுட்டின் பூர்வீகம் பசிபிக் கரையோரம். இங்கேயே தோன்றி வளர்ந்தது ப்ரூக் டிரவுட் மட்டுமே. காடுகள் வெட்டப்பட்டு ஓடைகள் வெயிலில் சூடேறியதும் அது மலையுச்சி நீரோடைகளுக்கு ஒதுங்கிவிட்டது. வந்தேறிய மீன்கள் ஆற்றிலேயே முட்டையிட்டுப் பெருகித் தலைமுறைகள் கடந்துவிட்டதால், இன்று மேல் டெலவேரில் நாம் பிடிப்பவற்றில் மிகப் பெரும்பாலானவை ஆற்றிலேயே பிறந்தவை. பண்ணையில் வளர்ந்த மீனுக்கும் இவற்றுக்கும் உள்ள வேறுபாடு முதல் இழுப்பிலேயே கைக்குத் தெரிந்துவிடுகிறது.

ஜூன் பயணம் மாலைப் பொழுதுக்கானது. கந்தகப் பூவின் நிறத்தில் இருப்பதால் சல்ஃபர் என்று அழைக்கப்படும் சிறு ஈக்கள் அப்போது எழுகின்றன. ஆற்றின் மேல் முழங்கால் உயரத்துக்குப் பனிமூட்டம் படர்ந்திருந்தது. கரையில் சட்டை வியர்வையில் நனைய, தண்ணீருக்குள் கால் மரத்துப்போனது. கண்ணெதிரே பத்துப் பன்னிரண்டு மீன்கள் வளையம் வளையமாக எழுந்தும் ஒரு மணி நேரம் ஒன்றும் என் ஈயைத் தொடவில்லை. வழிகாட்டி என் வீச்சைக் குறை சொல்லவில்லை. மீன் எழும்போது மூக்கு தெரிகிறதா, முதுகு மட்டும் தெரிகிறதா என்று கவனிக்கச் சொன்னார். பார்த்தேன், முதுகும் வாலும் மட்டுமே தெரிந்தன. அப்படியென்றால் அவை மிதக்கும் பூச்சியை உண்ணவில்லை, தோலிலிருந்து பாதி வெளிவந்து நீர்ப்பரப்புக்குச் சற்றுக் கீழே சிக்கிக்கொண்டிருக்கும் பூச்சியையே உண்கின்றன என்று சொல்லி, சிறகு கட்டாத, வாலில் உரிந்த தோல்போல ஓர் இழை தொங்கும் ஈயை மாட்டித் தந்தார். மூன்றாவது வீச்சில் மீன் எடுத்தது. ஆவலில் உடனே இழுத்து அதன் வாயிலிருந்தே பிடுங்கிவிட்டேன். பெரிய மீன் நிதானமாக வாயை மூடித் தலையைத் தாழ்த்தும்வரை பொறுக்க வேண்டும் என்பதை அறிந்திருந்தும் கை கேட்கவில்லை. இருட்டும் முன் இன்னொன்று கிடைத்தது. கைவலையில் இருந்த அளவுக்கோட்டில் நாற்பத்தைந்து சென்டிமீட்டரைத் தாண்டியது. இன்றும் கண்ணை மூடினால் அதன் விலாவில் இருந்த சிவப்புப் புள்ளிகளைச் சுற்றிய வெளிர்நீல வளையங்கள் தெரிகின்றன.

ஜூலை இறுதியில் மூன்றாம் முறை போனபோது ஹான்காக்குக்குக் கீழே, இரு கிளைகளும் சேர்ந்த பெரிய ஆற்றில் இறங்கினோம். வெயில் கொளுத்தியது. பதினொரு மணிக்கு வெப்பமானி பத்தொன்பது டிகிரியைக் காட்டியது. நண்பகலுக்குள் இருபதைத் தாண்டியது. வழிகாட்டி என்னிடம் நரம்பைச் சுற்றச் சொல்லிவிட்டு, அடுத்த இறங்குதுறை வரை துடுப்பை மட்டும் வலித்தார். நீர் சூடேற ஏற அதில் கரைந்திருக்கும் உயிர்வளி குறைகிறது. அந்த நிலையில் தூண்டிலோடு போராடிய மீனை எவ்வளவு பக்குவமாக விட்டாலும், நம் கண்ணுக்கு மறைந்த பிறகு அது செத்துப்போகக்கூடும். நான் ஒரு முழு நாளுக்குப் பணம் கொடுத்திருந்தேன். ஆற்றில் பிற படகுகள் வீசிக்கொண்டேதான் இருந்தன. அவர் என்னிடம் அனுமதி கேட்கவில்லை. கேட்காததற்காக அவர்மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டாயிற்று.

மாலையில் வண்டியில் படகைக் கட்டிக்கொண்டு மேற்குக் கிளையின் மேற்பகுதிக்கு, கேனன்ஸ்வில் அணைக்குச் சில மைல் கீழே போனோம். அங்கே வெப்பமானி பத்து டிகிரி காட்டியது. ஒரே நாளில், ஒரே ஆற்றில், அத்தனை வேறுபாடு.

நியூயார்க் நகரத்தின் குடிநீருக்காக 1964இல் கட்டி முடிக்கப்பட்ட கேனன்ஸ்வில் அணை, பல கிராமங்களை மூழ்கடித்தது. அணைக்குப் பெயர் தந்த ஊரும் அவற்றில் ஒன்று. ஆழமான நீர்த்தேக்கத்தில் வெயிலின் சூடு மேலடுக்கோடு நின்றுவிட, கோடையிலும் அடிநீர் குளிர்ந்தே கிடக்கிறது. அந்த அடிநீரைத் திறந்துவிடுவதால்தான் ஜூலையிலும் மேற்குக் கிளையில் டிரவுட் உயிர் வாழ்கிறது. ஆனால் எவ்வளவு திறப்பது என்பதைப் பெரும்பாலும் மீனின் தேவை முடிவு செய்வதில்லை. டெலவேர் நீரைப் பங்கிடுவதில் மாநிலங்களுக்கிடையே எழுந்த வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954இல் திருத்தித் தந்த தீர்ப்பின்படி, நகரம் நாளொன்றுக்குச் சராசரியாக 80 கோடி கேலன் வரை எடுத்துக்கொள்ளலாம். பதிலுக்கு, நியூஜெர்சியின் மாண்டேகில் ஆற்றின் ஓட்டம் நொடிக்கு 1,750 கன அடிக்குக் குறையாதபடி அணைகளிலிருந்து நீர் விட வேண்டும். காவிரிக் கணக்கைக் கேட்டு வளர்ந்த எனக்கு இந்தக் கணக்கைப் புரிந்துகொள்வது கடினமாக இல்லை.

இதன் விளைவு வினோதமானது. மழை பொய்த்த கோடையில் மாண்டேகின் அளவை நிரப்புவதற்காக அணையை நிறையத் திறக்கிறார்கள். மேல் ஆறு குளிர்ந்து, மீன்கள் கொழுக்கின்றன. கீழே எங்கோ மழை பெய்து மாண்டேகில் ஓட்டம் தானாகக் கூடிவிட்டால், மேலே அணையின் திறப்பைக் குறைத்துவிடலாம். அடுத்து வரும் வெயில் நாட்களில், மழையின் பயனைக் காணாத மேல் ஆறு சூடேறிவிடும். அதாவது மழை வந்ததே மீனுக்குக் கேடாகலாம். 2017இல் செய்துகொண்ட உடன்பாட்டில், இப்படிப்பட்ட வெப்ப நாட்களுக்கென்று கொஞ்சம் நீரைத் தனியே ஒதுக்கிவைத்தார்கள். அது தேவையான அளவுக்கு இல்லை என்பது ஆற்றை நம்பி வாழும் அந்த ஊர்க்காரர்களின் குறை. அந்தப் படகில் இருந்து அன்று நண்பகலில் பார்த்த எனக்கும் அவர்கள் பக்கமே நியாயம் இருப்பதாகத் தோன்றுகிறது.

குளிர்காலத்தில் நான் போகவில்லை. அந்த மாதங்களில் மேசைமேல் விளக்கை வைத்துக்கொண்டு அடுத்த ஆண்டுக்கான ஈக்களைக் கட்டுவதாகவும், மலையில் எவ்வளவு பனி விழுந்தது, தேக்கம் எவ்வளவு நிறைந்தது என்று பார்த்துக்கொண்டே இருப்பதாகவும் வழிகாட்டி சொன்னார்.

அக்டோபர் இறுதியில் நான்காவது பயணம். மேப்பிள் இலைகள் பெரும்பாலும் உதிர்ந்து, ஆறு முழுவதும் அவை மிதந்து வந்ததால், எது இலை, எது மீன் எழுந்த வளையம் என்று பிரித்தறிவதே பாடாக இருந்தது. நடுப்பகலில் சிறிய ஆலிவ் நிற ஈக்கள் எழுந்தன. ஒரு வானவில் டிரவுட் கிடைத்தது. அதன்பின் ஆழம் குறைந்த ஒரு கூழாங்கல் திட்டுக்குமேலே வந்தபோது, படகை விட்டு இறங்கி நடந்து வீசலாமா என்று கேட்டேன். வழிகாட்டி பதில் சொல்லாமல் துடுப்பால் சுட்டினார். பாசி படிந்து கறுத்திருந்த கற்களுக்கு நடுவே, யாரோ துலக்கி வைத்ததுபோல வெளிறிய ஒரு நீள்வட்டம் தெரிந்தது. பெண் மீன் பக்கவாட்டில் சாய்ந்து வாலால் அடித்துக் கற்களைப் புரட்டிச் செய்யும் முட்டைக்குழி அது. அதில் காலை வைத்தால் கல்லுக்கடியில் வசந்தம் வரை இருக்க வேண்டிய முட்டைகள் நசுங்கிப்போகும். முன்பு நான் தனியாக வந்த ஆண்டுகளில் இலையுதிர்காலத்தில் இப்படிப்பட்ட திட்டுகளின்மேல் எத்தனை முறை நடந்திருப்பேன் என்று நினைத்தபோது மனம் வருந்தியது. அவரிடமும் அதைச் சொன்னேன்.

அவர் நங்கூரத்தை மெதுவாக இறக்கினார். இரண்டு மீன்கள் அந்த வெளிறிய இடத்தின்மேல் பக்கம் பக்கமாக நின்றிருந்தன. ஒன்று சாய்ந்து வாலால் அடிக்கும்போது அதன் வயிறு மஞ்சளாக மின்னியது. இரண்டும் நான் அந்த ஆண்டில் பிடித்த எதையும்விடப் பெரியவை. என் தூண்டில் கோல் படகின் அடியில் கிடந்தது. வெயில் மலைக்குப் பின்னால் போகும்வரை அங்கேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவர் அந்தத் திட்டை விட்டு விலகி, எதிர்க்கரையின் ஆழமான பக்கமாகப் படகைச் செலுத்தினார்.