தெளிந்த நீரில் மெலிந்த பவளங்கள்

கடற்பவளங்களை உயிரோடு வளர்க்கும் தொட்டி வைத்தால் மீன்களைப் பற்றி நிறையத் தெரிந்துகொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். மீன்கள் எனக்கு வேலையே வைக்கவில்லை. பண்ணையில் பிறந்த கோமாளி மீன் இணை ஒன்றும் உளுவை ஒன்றும் இருக்கின்றன. போட்டதைத் தின்று நலமாகத் திரிகின்றன. எனக்குப் பாடம் நடத்தியவை நீரும் உப்பும் அறையின் காற்றும், பாறையோடு ஒட்டிக்கொண்டு வந்த சிற்றுயிர்களும்தான். சிங்கப்பூரில், வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு வரவேற்பறையில், இரண்டரை அடி நீளத் தொட்டியில் இதுவரை கண்டதை எழுதிவைக்கிறேன்.

கருவிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொட்டிக்குக் கீழே சம்ப் என்ற துணைத் தொட்டி, அதில் காற்றுக் குமிழிகளால் அழுக்கை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மர். மேலே இரண்டு அலை பம்புகள், எல்இடி விளக்கு. இங்கே குழாய்நீரில் குளோரமின் சேர்க்கிறார்கள். அதனால் ஆர்ஓ வடிகட்டிக்குப் பின்னால் ரெசின் குடுவையும் வைத்து, கரைந்த உப்புகளை அளக்கும் மீட்டர் பூஜ்யம் காட்டும் நீரில்தான் கடலுப்பைக் கலக்கிறேன். சில்லர் வாங்கவில்லை. நீர்ப்பரப்பில் காற்று படும்படி இரண்டு சின்ன விசிறிகளைப் பொருத்தினேன். 30 டிகிரியில் நின்ற வெப்பநிலை 27க்கு இறங்கிவிட்டது.

விசிறி நீரை ஆவியாக்கித்தான் குளிர வைக்கிறது. நீர் போகும், உப்பு போகாது. கடல்நீரில் கிலோவுக்கு 35 கிராம் உப்பு இருக்க வேண்டும். அது ஏறிவிடாமல் இருக்க, ஆவியான அளவுக்கு நன்னீரைத்தான் சேர்க்க வேண்டும். உப்புநீர்த் தொட்டியில் நல்ல தண்ணீரை விடுவதைப் பார்த்து வீட்டுக்கு வருபவர்கள் திகைக்கிறார்கள். மிதவையும் சின்ன மோட்டாரும் வைத்து இதைத் தானாக நடக்கும்படி செய்துவிட்டேன். மழை பெய்யும் நாளில் நன்னீர் வாளி மெதுவாகக் குறைகிறது, வெயில் நாளில் விரைவாக. இந்த வாளிக்குப் பிற்பாடு வேறொரு வேலையும் கிடைத்தது.

என் எண்ணத்தைப் புரட்டிப்போட்டது ஒரு பழுப்புப் படலம். தொட்டி நிலைபெற்ற சில மாதங்களில் நைட்ரேட், பாஸ்பேட் இரண்டும் டெஸ்ட் கிட்டில் நிறமே காட்டாத அளவுக்கு இறங்கின. கண்ணாடிக்குப் பின்னால் நீர் இருக்கிறதா என்று கேட்கும்படி அப்படியொரு தெளிவு. அந்த வாரங்களில்தான் பவளங்கள் வெளிறத் தொடங்கின. மணலின் மேல் பழுப்பு நிறத்தில் ஏதோ படர்ந்தது. முகத்தைக் கண்ணாடியோடு ஒட்டிப் பார்த்தால் சளி போன்ற இழைகள், இழைகளின் நுனியில் காற்றுக் குமிழிகள். காலையில் மணல் வெள்ளையாக இருக்கும். விளக்கு எரிந்து சில மணி நேரத்தில் இழைகள் எழும், மாலைக்குள் நீளும், விளக்கு அணைந்ததும் காணாமல் போகும். அதை மேய்ந்த நத்தைகள் மணலில் கவிழ்ந்து கிடந்தன. ஒரு சொட்டை எடுத்துப் பள்ளி மாணவர்களின் சாதாரண நுண்ணோக்கியில் வைத்தேன். ஒரு முனை கூரான செல்கள், கண்ணுக்குத் தெரியாத நூலால் கட்டியவையாக ஒரே இடத்தைச் சுற்றிச் சுழன்றுகொண்டிருந்தன. ஆஸ்ட்ரியாப்சிஸ் என்ற டைனோஃபிளாஜெல்லேட் (ஒருசெல் நுண்ணுயிர்) அது.

நீரில் சத்து தீர்ந்துபோனால் சாதாரணப் பாசிகளும் பாக்டீரியாக்களும் ஒடுங்கிவிடுகின்றன. காலியான இடத்தை இது பிடித்துக்கொள்கிறது. பவளத்தின் திசுவுக்குள் வாழ்ந்து, ஒளியிலிருந்து உணவு சமைத்து அதற்கு ஊட்டும் நுண்பாசிகளுக்கும் நைட்ரஜனும் பாஸ்பரசும் தேவை. அவை பட்டினி கிடந்தால் பவளமும் பட்டினி. பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு ஆக்சைடு துகள்களை வெளியே எடுத்தேன். தீனியைக் கூட்டினேன். சோடியம் நைட்ரேட் கரைசலை நாள்தோறும் சிறிது சேர்த்தேன். இரவில் இந்தச் செல்கள் மணலை விட்டு நீரில் மிதக்கும் என்பதால், புற ஊதா விளக்கு ஒன்றையும் இரவெல்லாம் ஓடவிட்டேன். நைட்ரேட் லிட்டருக்கு 5 மில்லிகிராமை ஒட்டியும் பாஸ்பேட் 0.05ஐ ஒட்டியும் நிற்கத் தொடங்கியதும் பழுப்பு பின்வாங்கியது. அதன் இடத்தில் கண்ணாடியில் பச்சைப் பாசி படிந்தது. அதைச் சுரண்டும் வேலையை மகிழ்ச்சியோடு செய்கிறேன்.

இதற்குப் பிறகு சிங்கப்பூர்க் கடலையே வேறு கண்ணோடு பார்க்கிறேன். தெற்குத் தீவுகளைச் சுற்றியுள்ள நீர் கலங்கலாக இருக்கும். நீட்டிய கைக்குச் சற்று அப்பால் எதுவும் தெளிவாகத் தெரியாத நாள்கள் உண்டு. கடற்பகுதி தூர்க்கப்பட்டதில் பவளப்பாறைகளின் பெரும்பகுதி அழிந்துபோனது. கப்பல்கள் ஓயாமல் போகின்றன. அந்த நீரில்தான் 250க்கும் மேற்பட்ட கடினப் பவள இனங்கள் வாழ்கின்றன. 2014இல் சிஸ்டர்ஸ் தீவுகளைச் சுற்றிக் கடல் பூங்கா அமைத்தது இவற்றுக்காகத்தான். நீர் வெகுவாக வற்றும் வேளையில் அங்கே ஆழமற்ற பகுதியில் நிற்கும் பவளங்களைப் பார்த்தால், விளம்பரப் படங்களில் வரும் நீல நீரை அளவுகோலாக வைத்துக்கொள்ளத் தோன்றாது.

பக்கத்து ஊர் ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர் 1961இலேயே தம் முறையை எழுதி வெளியிட்டார். கடலிலிருந்து எடுத்த உயிர்ப்பாறை, கடல்நீர், வெயில், காற்றுக் குமிழி. அவ்வளவுதான் அவர் தொட்டி. வடிகட்டும் வேலையைப் பாறைக்குள் இருக்கும் உயிர்களிடம் விட்டுவிட்டார். பிற்காலத்தில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வளர்ந்த முறைகளைப் படிக்கும்போது இவர் பெயர் முதலில் வர வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அடுத்த பாடம் மூச்சு. பிஎச் அளவி வைத்த பிறகு ஒரு விந்தையைக் கவனித்தேன். ஏசி போட்டு, ஜன்னல்களை அடைத்து, எல்லாரும் உறங்கி எழும் காலையில் அளவு 7.8. ஜன்னலைத் திறந்து வைத்திருந்த நாள்களில் 8.1. இரவில் ஒளிச்சேர்க்கை நிற்பதால் கொஞ்சம் இறங்குவது இயல்பு. இந்த வேறுபாடு அதைவிடப் பெரியது. தீபாவளிக்கு உறவினர்கள் வந்து வீடு நிறைந்த அன்று, பகல் வெளிச்சத்திலேயே 7.7க்குப் போய்விட்டது. மனிதர்கள் விடும் கரியமில வாயு அறையில் தேங்குகிறது, ஸ்கிம்மர் அந்தக் காற்றை இழுத்து நீருக்குள் கலக்கிறது, அங்கே அது கார்பானிக் அமிலமாகிறது. பிஎச் தாழ்ந்த நீரில் பவளம் எலும்புக்கூடு கட்டத் திணறும். மருந்து எதுவும் ஊற்றவில்லை. ஸ்கிம்மரின் காற்றுக் குழாயை நீட்டி ஜன்னலுக்கு வெளியே விட்டேன், அளவு ஏறியது. புகைமூட்ட நாள்களில் மட்டும் அதை உள்ளே இழுத்துவிடுவேன். பெருங்கடல்கள் அமிலத்தன்மை அடைகின்றன என்று செய்தியில் வாசித்துக் கடந்துபோயிருக்கிறேன். அதே வேதியியல் என் உறவினர்களின் மூச்சில் நடந்ததைப் பார்த்த பிறகு அந்தச் செய்தியை அப்படிக் கடக்க முடிவதில்லை.

பவளங்கள் வளரத் தொடங்கியதும் காரத்தன்மை இறங்கியது. டெஸ்ட் கிட்டில் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறும் சொட்டுக்காகக் காத்திருக்கும் வேலை எனக்குப் பிடித்தமானது; 8 டிகேஎச் (காரத்தன்மையின் அலகு) இருந்தது சில நாள்களில் 7க்குக் கீழே வந்தது. நீரிலிருந்து கால்சியமும் கார்பனேட்டும் போய், கல்லாக மாறுகின்றன. இதைத் திருப்பிக் கொடுக்கப் பழைய வழி ஒன்றைத்தான் தேர்ந்தெடுத்தேன்: சுண்ணாம்புத் தெளிநீர். தூய கால்சியம் ஹைட்ராக்சைடை நன்னீரில் கலக்கி, வண்டல் படிந்த பிறகு தெளிவை மட்டும் எடுத்து, ஆவியான நீருக்கு ஈடாகச் சொட்டவிடுவது. வாளிக்குக் கிடைத்த வேறு வேலை இதுதான். தெளிநீரின் பிஎச் 12க்கு மேல் என்பதால் கையுறை வேண்டும், அவசரம் கூடாது. இரவு நேரத்தில் மெல்லச் சொட்ட வேண்டும். கால்சியம், காரத்தன்மை இரண்டையும் கூட்டுவதோடு நீரில் கலந்த கரியமில வாயுவையும் பிடித்துக்கொள்கிறது. குழாய் வைத்து ஊதினால் சுண்ணாம்புத் தெளிநீர் பால்போல் வெளுக்கும் என்று பள்ளியில் செய்து பார்த்திருப்போம். அதே வினைதான்.

சுண்ணாம்பு என்றதும் மன்னார் வளைகுடா நினைவுக்கு வருகிறது. தூத்துக்குடிப் பக்கம் நெடுங்காலம் பவளப்பாறைகளை வெட்டிச் சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் கொண்டுபோனார்கள். 21 தீவுகள் கொண்ட அந்தப் பகுதி 1986இல் கடல் தேசியப் பூங்காவானது. அவற்றில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. பவளத்தை வெட்டியெடுத்ததை முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள். இந்தியாவில் 2001இல் கடினப் பவளங்கள் எல்லாவற்றையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். தமிழ்நாட்டில் இருந்துகொண்டு இதைப் படிப்பவர்கள் தயவுசெய்து அவற்றைத் தேடிப் போக வேண்டாம். கடையில் யாராவது நீட்டினாலும் வாங்க வேண்டாம். என்னிடம் இருப்பவை இங்கே மற்றவர்களின் தொட்டிகளில் வளர்ந்த துண்டுகள்.

இன்னோர் எச்சரிக்கையும் உண்டு. பூக்கள் விரித்ததைப் போல அழகாக இருக்கும் சோவாந்திட் (பவளத்துக்கு உறவான உயிர்) வகைகள் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் அவற்றை வெட்டக் கூடாது. பாசியைப் போக்கவென்று அவை படர்ந்த பாறையைக் கொதிநீரில் போடவே கூடாது. ஆவியோடு நஞ்சு மூச்சில் கலந்து குடும்பமே மருத்துவமனைக்குப் போன நிகழ்வுகள் நடந்திருக்கின்றன. குழந்தைகள் இருக்கும் வீட்டில் இந்த வகையே வேண்டாம் என்பது என் முடிவு.

இனி நான் அதிக நேரம் பார்க்கும் இடம். தொட்டியின் இடது மூலையில், பாறைக்கு அடியில், பிஸ்டல் இறாலும் உளுவையும் ஒரே வளையில் குடியிருக்கின்றன. இறாலுக்குப் பார்வை மிகக் குறைவு. அது கொடுக்கால் மணலை வாரிக்கொண்டு வந்து வாசலில் கொட்டும். சிப்பித் துண்டுகளைத் தேடி இழுத்து வளையின் கூரைக்கு முட்டுக் கொடுக்கும். வெளியே வரும்போதெல்லாம் ஒரு உணர்கொம்பு உளுவையின் வால்மேல் இருக்கும். என் நிழல் விழுந்தால் உளுவை வாலை ஒரு முறை துடிக்கவைக்கும். அந்தக் கணமே இறால் உள்ளே. ஆபத்து அதிகம் என்றால் மீனும் தலைகீழாகப் பாய்ந்து பின்தொடரும். சில இரவுகளில் இறால் கொடுக்கைச் சொடுக்கும் ஓசை சமையலறை வரை கேட்கிறது. கொடுக்கு மூடும் வேகத்தில் நீரில் ஒரு குமிழி உண்டாகி உடைகிற ஓசை அது.

விளக்கு அணைந்த பிறகு சிவப்பு ஒளியில் பார்த்தால் வேறொரு கூட்டம் வெளியே வருகிறது. சுணைப் புழுக்கள் பாறைப் பிளவுகளிலிருந்து நீண்டு மிச்சத் தீனியைத் துழாவுகின்றன. கோபிபாட்கள் என்ற நுண்ணிய ஓட்டுயிர்கள் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகளாகத் துள்ளுகின்றன. பகலில் அடக்கமாக இருக்கும் பவளம் ஒன்று நீண்ட கொட்டும் இழைகளை விட்டு அண்டைப் பவளத்தைத் தொடப் பார்க்கிறது. இரண்டையும் ஒரு சாண் தள்ளி வைத்தேன். பவளங்களுக்கு இடையே விடும் வெற்றிடம் அவற்றுக்கான பாதுகாப்பு; தொட்டி காலியாக இருப்பதாகப் பார்ப்பவர்கள் சொன்னாலும் நிரப்பப் போவதில்லை.

இப்போதைய நிலை: உப்பளவு 35, காரத்தன்மை 8ஐ ஒட்டி, கால்சியம் லிட்டருக்கு 420 மில்லிகிராம். பாறைகளில் இளஞ்சிவப்புச் சுண்ணாம்புப் பாசி படர்ந்துவருகிறது. ஐப்டேசியா என்ற தொல்லை தரும் கடற்சாமந்தி இரண்டு இடங்களில் தலைகாட்டியிருக்கிறது. அதை நசுக்கினால் சிதறிய துண்டுகளிலிருந்து மீண்டும் முளைக்கும் என்பதால், அதைத் தின்னும் பெப்பர்மின்ட் இறால் ஒன்றை விடப் போகிறேன். மான்டிபோரா பவளத்தின் கிளைகள் விளக்கை நெருங்கிவிட்டன. அடுத்த மாதம் அவற்றை வெட்டி, ஒரு துண்டை யீஷூனில் தொட்டி வைத்திருக்கும் நண்பருக்குக் கொடுப்பதாகப் பேசியிருக்கிறோம். அவருடைய அக்ரோபோரா பவளத் துண்டு ஒன்று இங்கே வரும். ஒருவர் தொட்டிக்கு ஏதாவது நேர்ந்தால் அந்தப் பவளம் மற்றவர் வீட்டில் இருக்கும்.