கதவைக் கலைத்தால் தகவு

ஒரு சொல்லின் எழுத்துகளைக் கலைத்துப் போட்டு, அந்தச் சொல்லைக் கண்டுபிடிக்கும் விளையாட்டு இது. முதலில் செல்பேசியில் ஒரு செயலியை இறக்கித்தான் விளையாடிப் பார்த்தோம், நானும் மகளும். சரிப்படவில்லை. கணினிக்குக் ‘கொ’ என்பது ஒரே எழுத்தல்ல. ககரம் ஒரு குறியீடு, ஒகரக் குறி இன்னொரு குறியீடு. ‘க்’ கூட ககரமும் புள்ளியுமாக இரண்டுதான். அதைச் சேர்த்துப் பிடிக்காமல் கலைத்தால் கொம்பும் புள்ளியும் தனியே சிதறிவிடுகின்றன. அதனால் அட்டைக்கு மாறினோம். உயிர்மெய்யைப் பிரிப்பதில்லை, புள்ளி எழுத்துக்குத் தனி அட்டை. இந்த ஏற்பாடு வந்த பிறகுதான் விளையாட்டில் உயிர் வந்தது.

எங்கள் ஊர் கல்லிடைக்குறிச்சி. கன்னடியன் கால்வாய் ஓடும் ஊர் என்பதால் சொற்களையும் தண்ணீரிலிருந்தும் வயலிலிருந்தும் எடுத்தோம். மதகு, மடை, வரப்பு, பொருநை (தாமிரபரணியின் பழைய பெயர்) என்று இரண்டு முதல் நான்கு எழுத்துகளில் தொடங்கினோம். தமிழ்ச் சொல் புள்ளி எழுத்தில் தொடங்காது. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன வரிசைகளும் முதலில் வாரா. ரயிலும் லாரியும் வெளியிலிருந்து வந்தவை, அவற்றை நாங்கள் ஆட்டத்தில் சேர்ப்பதில்லை. வகரத்திலும் வு, வூ, வொ, வோ முதலாகா. ‘ட, ல், க’ என்று கிடந்தால் தொடங்கத் தகுதியுள்ளது க மட்டுமே. கடல் கிடைத்துவிடுகிறது.

நான்கு எழுத்தைத் தாண்டியதும் இது போதவில்லை. அங்கே கை கொடுத்தது மெய்ம்மயக்கம், அதாவது எந்த மெய்க்குப் பின் எந்த மெய் வரலாம் என்ற விதி. பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்த நன்னூல் பகுதி அது. க், ச், த், ப் நான்கும் அடுத்துத் தம் வரிசை எழுத்தையே ஏற்கும்; க்-க்குப் பின் ககர வரிசை மட்டுமே வரும். ஆகவே ‘ல், கா, வா, க், ய்’ என்ற ஐந்தில் ‘க்கா’ என்பதை முதலிலேயே ஒட்டிவிடலாம். மிச்சம் வா, ய், ல். தொடங்க வல்லது வா. இனி ‘வாய்க்கால்’ அல்லது ‘வால்க்காய்’. ஒரு புள்ளி எழுத்துக்குப் பின் இன்னொரு புள்ளி எழுத்து வர வேண்டுமானால் முன்னது ய், ர், ழ் மூன்றில் ஒன்றாக இருக்க வேண்டும். ல் அங்கே நிற்க முடியாது. எனவே வாய்க்கால் ஒன்றே விடை. அகராதியைத் தொடாமல், ஊகிக்காமல், விதியை மட்டும் வைத்து ஒரு சொல்லைப் பிடித்த அந்த இரவில் மகளைவிட எனக்குத்தான் மகிழ்ச்சி அதிகம். இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர்கள் இப்படி அட்டையோடு வகுப்புக்குப் போனால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

சில அட்டைகள் இரண்டு சொற்களைத் தருகின்றன. ‘க, த, வு’ போட்டேன். மகள் கதவு என்றாள். த-வை முன்னால் நகர்த்தினால் தகவு. தகுதி, நடுநிலைமை என்று பொருள். ‘தக்கார் தகவிலர்’ என்று தொடங்கும் 114ஆம் குறளில் இருக்கிறது. அதே போல ‘க, ப, டு’: கபடு என்றால் வஞ்சகம், பகடு என்றால் எருது. துன்பம் வந்தபோது வண்டி இழுக்கும் பகடுபோல் முயல்பவனைப் பற்றி 624ஆம் குறள் பேசுகிறது. பொருளை மட்டும் எழுதிவைத்தபோது ஒரு வாரத்தில் மறந்துபோனது. அந்தச் சொல் வரும் ஒரு வரியையும் சேர்த்து எழுதியவை நிற்கின்றன. இப்போது நோட்டில் ஒரு சொல் ஏற வேண்டுமானால் அதற்கு ஒரு வரியாவது சான்று வேண்டும் என்று வைத்திருக்கிறோம். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகன் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பெரும்பாலும் அதைத்தான் பார்க்கிறோம்.

அகராதி போதாத இடமும் உண்டு. ‘லை, க, வ’ எளிதுதான். ஆனால் கவலைக்கு மனக்கவலை தவிர கவர்த்த வழி, நீர் இறைக்கும் ஏற்றம் என்றும் பொருள் இருந்தது. சங்கரன்கோவில் பக்கம் கிணற்றுப் பாசனம் செய்த பெரியப்பாவிடம் கேட்டேன்.

“நாங்கள் கமலை என்போம். இரண்டும் ஒன்றுதான்” என்றார். மாடுகள் சரிவில் இறங்கும்போது வடம் இழுபட்டுச் சால் (நீர் அள்ளும் கலம்) மேலே வருவதையும், அவை பின்னோக்கி ஏறும்போது சால் கிணற்றுக்குள் போவதையும் கையாலேயே காட்டினார். மகள் அதைப் படமாகவே நோட்டில் வரைந்துவிட்டாள். அந்தப் பக்கம்தான் எங்கள் நோட்டில் சிறந்த பக்கம்.

ஐந்தெழுத்து வரை இப்போது தயக்கமில்லை. ஏழெட்டு எழுத்துள்ள கூட்டுச் சொற்கள் இன்னும் திணறடிக்கின்றன; புணர்ச்சியில் தோன்றும் ஒற்று எந்தப் பக்கம் சேரும் என்பதில்தான் சிக்கல். அடுத்ததாகத் தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளின் பெயர்களை எடுத்திருக்கிறோம். அவற்றில் ஒன்று: ணி, யு, ந, ண், தி. ண்-ஐயும் ணி-யையும் முதலில் ஒட்டிப் பாருங்கள்.