பட்டாளத்துப் பாட்டாவின் நாலு மெடல்கள்: இதுவரை தெரிந்தது

தக்கலைப் பக்கம் எங்கள் வீட்டில் பாட்டாவை ‘பட்டாளத்துப் பாட்டா’ என்றுதான் சொல்வார்கள். இரண்டாம் உலகப் போரில், பர்மா சண்டையில் வீரத்தைக் காட்டி வெள்ளைக்காரனிடம் நாலு மெடல் வாங்கியவர் என்பது குடும்பக் கதை. மெடல்கள் மாமியின் டிரங்குப் பெட்டியில், பழைய வேட்டித் துண்டில் முடிந்து கிடந்தன. அசல் ரிப்பன் ஒன்றுகூட இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் சடையில் கட்டும் சிவப்பு ரிப்பனில் நாலையும் யாரோ கோத்து வைத்திருந்தார்கள்.

முதல் நாளே ஒரு தப்பு செய்தேன். குத்துவிளக்குக்குப் போடுவதுபோல ஒரு ஸ்டாரைப் புளி போட்டுத் தேய்த்தேன். செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம் அது. பழைய நிறம் போய் இளஞ்சிவப்பாகப் பல்லைக் காட்டியது. மெடல் சேகரிப்பவர்கள் கேட்டால் அடிக்க வருவார்கள். மற்ற மூன்றையும் உலர்ந்த பஞ்சால் துடைத்ததோடு சரி.

என்ன மெடல் என்று கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. ஆறு முனை ஸ்டார் இரண்டிலும் நடுவில் கிரீடம், மன்னர் ஆறாம் ஜார்ஜின் எழுத்துகள், சுற்றிலும் பெயர். ஒன்று 1939-45 ஸ்டார், மற்றது பர்மா ஸ்டார். வட்டமான இரண்டில், இரட்டைத் தலை டிராகன்மேல் சிங்கம் ஏறி நிற்பது வார் மெடல். பின்பக்கம் இந்தியாவின் வரைபடம் இருப்பது இந்தியா சர்வீஸ் மெடல்.

யாருக்குக் கொடுத்தார்கள் என்று படிக்கும்போதுதான் குடும்பக் கதை ஆட்டம் கண்டது. வார் மெடலுக்கு 28 நாள் சேவை போதும். 1939-45 ஸ்டாருக்குப் போர்முனைச் சேவை ஆறு மாதம். இந்தியா சர்வீஸ் மெடல், இந்தியாவுக்குள் மூன்று வருஷம் இருந்த இந்தியப் படையினருக்கு. நாலில் ஒன்றுகூட வீரப் பதக்கம் இல்லை. பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெசட்டில் தேடியும் பார்த்தேன், வீரப் பதக்க அறிவிப்புகள் அதில் வரும். பாட்டா பேர் எங்கேயும் இல்லை. மாமியிடம் சொன்னதும் முகம் வாடிவிட்டது. “அப்போ சும்மா போய்ட்டு வந்ததுக்கா குடுத்தான்?” என்றாள். எனக்குப் பதில் வரவில்லை.

அடுத்தது மெடலின் விளிம்பு. பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு இந்த மெடல்களைப் பெயர் பொறிக்காமலே கொடுத்தார்கள். இந்தியர்களுக்குக் கொடுத்த பலவற்றில் எண்ணும் பெயரும் படைப்பிரிவும் உண்டு. வருஷா வருஷம் ஆச்சி சாம்பல் போட்டுத் தேய்த்த புண்ணியத்தில் வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சை விளிம்புக்குச் சமமாகப் படுக்க வைத்து மெடலை மெதுவாக உருட்டினேன். எழுத்துகளின் நிழல் எழும்பியது. மெல்லிய தாளைச் சுற்றி பென்சிலைச் சாய்த்து உரசியதில் ஒரு எண், பாட்டா பேரின் பின்பாதி, கடைசியில் ஆர்.ஐ.ஏ.எஸ்.சி. என்ற ஐந்து எழுத்து. ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோர். அரிசி, பெட்ரோல், கோவேறு கழுதை, லாரி என்று ராணுவத்துக்கு வேண்டியதைக் கொண்டுபோய்ச் சேர்த்த பிரிவு.

அதைச் சொன்னதும் மாமிக்கு ஒரு ஞாபகம் வந்தது. பாட்டா எப்போதும் “மணிப்பூர் ரோட்டுல லோடு ஏத்துனோம்” என்பாராம். மணிப்பூருக்குப் போகிற ரோடு என்றுதான் எல்லோரும் நினைத்திருக்கிறோம். தேடினால் அது ரயில் நிலையத்தின் பெயர்! இன்றைய திமாப்பூருக்கு அப்போது மணிப்பூர் ரோடு என்று பெயர். ரயிலில் வந்த சரக்கை அங்கே லாரிக்கு மாற்றி, கொஹிமா வழியாக 200 கிலோமீட்டருக்கு மேல் மலைப்பாதையில் இம்பாலுக்குக் கொண்டுபோனார்கள். 1944-ல் ஜப்பான்காரர்கள் அந்தப் பாதையை மறித்தார்கள். ஜூன் 22-ம் தேதிதான் திரும்பத் திறந்தது. ரயிலே இல்லாத ஊரிலிருந்து போனவர் பாட்டா. நாகர்கோவிலுக்கு ரயில் வந்தது 1979-ல்.

அப்புறம் பர்மா ஸ்டாரின் விதியை மறுபடி படித்தேன். பர்மா மண்ணை மிதித்தவர்களுக்கு மட்டும் என்றில்லை, குறிப்பிட்ட காலத்தில் அஸ்ஸாம், வங்காளப் பகுதிகளில் இருந்தவர்களுக்கும் உண்டு. திமாப்பூர் அன்றைய அஸ்ஸாமில். ஆக, லாரியும் ஸ்டாரும் கணக்குக்கு ஒத்துவருகின்றன.

ஆர்.ஐ.ஏ.எஸ்.சி.தான் இன்றைய இந்திய ராணுவத்தின் ஏ.எஸ்.சி., அதாவது ஆர்மி சர்வீஸ் கோர். இந்தியச் சிப்பாய்களின் சர்வீஸ் விவரம் லண்டனில் கிடைக்காது, இங்குள்ள ரெக்கார்ட் ஆபீசில்தான் கேட்க வேண்டும் என்பதால் பெங்களூருக்குக் கடிதம் எழுதினேன். பாட்டாவின் எண்ணில் கடைசி இலக்கம் மூன்றா எட்டா என்று இன்னும் சண்டை. டார்ச்சை இடப்பக்கம் வைத்தால் மூன்று, வலப்பக்கம் வைத்தால் எட்டு. இரண்டு எண்ணையும் எழுதி, பென்சிலால் உரசிய தாளின் நகலையும் வைத்து அனுப்பியிருக்கிறேன்.

அசல் நிறத்தில் ரிப்பனுக்கும் சொல்லி வைத்தாயிற்று. பர்மா ஸ்டாருக்கு நடுவில் அகலச் சிவப்பு, இருபுறமும் கருநீலம், அந்த நீலத்துக்குள் சூரியனுக்காக ஒரு ஆரஞ்சுக் கோடு. சடை ரிப்பனைத் தூரப் போட மட்டும் மாமி விடவில்லை. அது அவள் எட்டாம் கிளாஸில் கட்டியதாம்.